கூழைக்கடாச் சந்து, நான்காம் எண்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆர்வில் டிக்சன் ரொட்டி வெட்டும் கத்தியோடு தன் வீட்டுக் கேட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வங்கிக்காரன் என்ன பசையைப் போட்டுத் தொலைத்தானோ, இழுத்தால் கிழிந்தது, நனைத்தால் குழைந்தது, முழுசாக மட்டும் வரமாட்டேன் என்றது.

சந்தில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்துவிட்டால் தீர்ந்தது கதை.

காகிதத்தில் இருந்த விஷயம் இதுதான். இந்த வீட்டுக்கு ஏழு வருஷமாக டிரஸ்ட் கட்டணம் கட்டவில்லை. பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் வங்கி மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யும். கீழே அத்தாட்சிக்கு வீட்டின் புகைப்படம். மாடி, நீச்சல்குளம், குளத்தங்கரையில் நட்ட பலகை எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. ஓரத்தில், அரைக்கால் சட்டையோடு குனிந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு கிழவரின் பின்பக்கமும் விழுந்திருந்தது. அது யாருடைய பின்பக்கம் என்று அந்த ஊரில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

"தோன் ஆர்வில்! காலங்காத்தால கேட்டோட என்ன சண்டை?"

வீட்டு வேலைக்கு வரும் எலோதியா; 'தோன்' என்றால் அவள் பேச்சில் 'ஐயா'. அவர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பெயின்ட் உரியுது எலோதியா."

"அது உரியலையே. நீங்கதானே உரிக்கிறீங்க?"

"நீ உள்ள போயி காபி போடு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். டிரஸ்ட் எண்ணும் பெயரும் இருந்த மேல்பாதி, ராத்திரிப் பனியில் மை கரைந்து படிக்க முடியாதபடி, கேட்டோடு தங்கிவிட்டது. அதைச் சுரண்டித் தூளாக்கினார். மிரட்டல் இருந்த நடுப்பகுதி ஒரு கையில், புகைப்படம் இன்னொரு கையில். எழுபத்தொரு வயதுக்காரர் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு சந்தை இருபக்கமும் எட்டிப் பார்த்தார். அவ்வளவு வெட்கம்.

வேறு யார் வீட்டுக் கேட்டில் ஒட்டியிருந்தாலும் இவ்வளவு வெட்கம் வந்திருக்காது. மெக்சிகோவில் கடலோர வீட்டை வெளிநாட்டுக்காரர் தன் பேரில் வாங்க முடியாது. பத்திரம் டிரஸ்ட்டாக வங்கியின் பேரில், குடியிருப்பது இவர்கள். அந்த உபகாரத்துக்காக வருஷா வருஷம் ஐந்நூற்றுச் சொச்சம் டாலரை வங்கிக்கு அழ வேண்டும். கூழைக்கடாச் சந்தின் எட்டு வீட்டுக்காரர்களையும் ஒழுங்காக அழ வைத்தவர் ஆர்வில். கனடாவில், சஸ்காச்சுவானில் முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்றாரே தவிர ஆய்வை விடவில்லை. சந்துக்கு முதலில் குடிவந்தவர் அவர்தான். வந்த வேகத்தில் வீட்டுக்காரர்கள் சங்கம் ஆரம்பித்தார், தலைவரானார், கடல் பக்கமிருந்து எண்ணி ஒவ்வொரு வாசலிலும் எண் ஓடு பதித்தார். ஆண்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாசலிலேயே அந்த வருஷத்து ரசீதைக் காட்ட வேண்டும். காட்டாதவர் பெயர் பலகையில் ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தார் எல்லோரும் ஆர்வில் வீட்டுக் குளத்தில் குளிக்கலாம், நிலுவைக்காரர் மட்டும் காலைக்கூட நனைக்கக்கூடாது. விதி மூன்றில் அவர் கைப்பட எழுதியிருந்தார்: 'வங்கி தவறு செய்துவிட்டது என்ற சாக்கு ஏற்கப்படமாட்டாது.'

அவரிடம் பதினோரு வருஷத்து ரசீதும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. இருந்து என்ன? கேட்டில் ஒட்டியதை ஊர் பார்த்தபின் ரசீதை யார் பார்ப்பார்கள்? வங்கியில் போய்ச் சண்டை போடலாமென்றால் திங்கட்கிழமை அரசியல் சாசன தின விடுமுறை, அதைச் சாக்காக வைத்து டிரஸ்ட் பிரிவை இன்றைக்கே அடைத்துவிட்டார்கள், செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள். ஆண்டுக் கூட்டமோ ஞாயிற்றுக்கிழமை.

புகைப்படத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஈரக் காகிதத்தை எங்கே வைப்பது? அந்தச் சந்தில் ஈரத்துக்கும் எறும்புக்கும் பயந்து பத்திரங்களை ஃப்ரீசரில் வைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். பழக்க தோஷத்தில் அவரும் மீன் பொட்டலத்துக்கு அடியில் செருகினார்.

பதினொரு மணிக்கு மனைவி நோரீன் மீனை எடுத்தாள்.

"ஆர்வில், என்ன இது? ஏழு வருஷ பாக்கியாம்!"

 ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் நாற்பத்தாறு வருஷமாக அந்த அம்மாளிடம் மின்சாரக் கட்டணம் பற்றிக்கூடப் பாடம் எடுத்த மனிதர். வாய் தானாகவே பேசிவிட்டது.

"அது... லூசியனோடது. காத்துல பறந்து வந்திருக்கு. ஈரமா இருந்துச்சு, காயட்டும்னு வெச்சேன்."

"காயறதுக்கு ஃப்ரீசர்லயா?"

"நீ மீனைப் பாரு நோரீன்."

லூசியன் பக்கத்து வீடு, எண் ஐந்து. இரண்டு வீடும் கட்டியபோது இரட்டைப் பிள்ளைகள். ஓடு, ஜன்னல், படி எல்லாம் ஒன்றுபோல. இப்போது ஆர்வில் வீட்டில் மாடியும் குளமும். லூசியன் வீட்டில் கோழிகள். கியூபெக்கிலிருந்து வந்த தச்சர் அவர். வீட்டைப் பூட்டுவதே கிடையாது, சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசிப்பார். அவர் மனைவி ஓதெத் இறந்து ஏழு வருஷம். அன்றிலிருந்து அவர் ஒரு ரசீதும் காட்டியதில்லை, அவர் பெயர் பலகையை விட்டு இறங்கியதுமில்லை. போன கூட்டத்தில் ஆர்வில் எழுந்து நின்று அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார், பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம்.

ஆகவே பொய் நன்றாகப் பொருந்திவிட்டது. நல்ல பொய்யிடம் இதுதான் வம்பு, போட்ட இடத்தில் கிடக்காது.

நோரீன் வாழைப்பழ கேக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கண் சிவந்திருந்தது.

"பாவம்யா அந்த மனுஷன். 'ஓதெத்தான் எல்லாம் கட்டுவா. அவ போனதும் வங்கியில யாரும் என்னைக் கேக்கலை, அவளோட முடிஞ்சுபோச்சு போலன்னு இருந்துட்டேன்'ங்கிறாரு. அக்கார்டியனை விக்கப் போறாராம்."

"அக்கார்டியனையா?"

"வேற என்ன இருக்கு அவருகிட்ட? கோழியையா விப்பாரு?"

ஆர்வில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.  ஒரு அயோக்கியன் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டோம் என்று மனசு குத்தியது. "சரி, இதை யாருகிட்டயும் சொல்லாதே நோரீன். அவருக்குச் சங்கடமா இருக்கும்."

"பெர்னிஸ்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

பெர்னிஸிடம் மட்டும் சொல்வதும் தேவாலயத்து ஒலிபெருக்கியில் சொல்வதும் அந்த ஊரில் ஒன்றுதான். சங்கத்தின் பொருளாளர், டெக்சாஸ்காரி, பெரிய தொண்டை. மூன்று மணிக்குள் காலி பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"தலைவரே, லூசியன் வீட்டைக் காப்பாத்த வசூல் பண்றோம். முதல் நோட்டு உங்க கையால விழணும்!"

"வசூலா? வேண்டாம் பெர்னிஸ். மனுஷன் கூச்சப்படுவாரு."

"போன வருஷம் அவரு பேரை ரெண்டு தரம் படிச்சீங்களே, அப்பக் கூச்சப்பட மாட்டாரா?"

ஆர்வில் இருநூறு டாலரை டப்பாவில் போட்டார். பெர்னிஸ் அவரை உற்றுப் பார்த்தாள். ஓட்டலில் பரிமாறுகிறவனுக்கு ஐந்து பேசோ விடுவதற்கு மூன்று முறை கணக்குப் போடுகிற ஆளாயிற்றே இவர். "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

அக்கார்டியனையாவது காப்பாற்றிவிடுவோம் என்று தோன்றியது அவருக்கு. எலோதியாவைக் கூப்பிட்டு, யார் வாங்குகிறார்கள் என்று சொல்லாமல் வாங்கி வரச் சொல்லிப் பணம் கொடுத்தார். லூசியன் கேட்டதைப்போல இரண்டு மடங்கு. விஷயமெல்லாம் அடங்கியபின் ஏதாவதொரு பிறந்தநாளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எலோதியா இரவுச் சமையலுக்கு முன்னால் அதைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளின வேகத்தில் அது 'ஙொய்ய்' என்று பெருமூச்சு விட்டது.

பக்கத்து அறையிலிருந்த நோரீன் வந்து குனிந்து பார்த்தாள். 

"மனுஷன் வீட்டை இழந்துட்டு நிக்கிறாரு. நீ இதுதான் சாக்குன்னு அவரு அக்கார்டியனை அமுக்கிட்டியா?"

"அமுக்கலை! ரெண்டு மடங்கு குடுத்தேன்!"

"எதுக்கு? உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"கத்துக்கலாம்னு..."

"எழுபத்தொரு வயசுல? அவரு அழுதுக்கிட்டே குடுத்ததை வாங்கியா?" நோரீன் தலையணையை எடுத்துக்கொண்டாள். "இவ்வளவு அல்பம்னு நான் நினைக்கவேயில்லை ஆர்வில்."

அன்றும் மறுநாளும் அவள் விருந்தினர் அறையில் படுத்தாள். அவர் கட்டிலில் புரண்டார். புரளும்போதெல்லாம் கீழேயிருந்து அக்கார்டியன் முனகியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அவர் வீட்டுக் குளத்தங்கரையில்தான். தமாலே, மீன் வறுவல், உருளைக்கிழங்கு சாலட் என்று ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்தார்கள். வாசலில் மேசை போட்டு ரசீது பார்க்க வேண்டியவர் தலைவர். பார்த்தார். ஒவ்வொரு ரசீதும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோலிருந்தது. சட்டைப் பையில் அந்தப் புகைப்படம் வேறு நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி, தங்கள் கதவுப் பூட்டு சிக்கிக்கொள்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். அவ்வளவுதான். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த மனிதருக்கும் வழக்கமாகச் சொல்லும் பூட்டுக் கதை வந்துவிட்டது.

"பூட்டைப் பத்தி என்கிட்டக் கேளுங்க! நான் முதல் நாள் வந்தப்ப, வங்கியில குடுத்த சாவி உள்ள நுழையவே இல்லை. வேற எவனா இருந்தாலும் படியில உக்காந்து அழுதிருப்பான். நான் ஒரு மணி நேரத்துல ஆளைக் கூட்டியாந்து பூட்டை உடைச்சு வேற மாட்டிட்டேன். இந்த ஊர்ல இப்படித்தான் இருக்கணும்!"

இருநூறாவது முறையாகக் கேட்ட நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லூசியன் மட்டும் ரசித்துச் சிரித்தார். "எனக்கும்தான் நுழையலை. நான் ஜன்னல் வழியா ஏறிட்டேன். அப்புறம் சாவி எதுக்குன்னு விட்டுட்டேன்."

பெர்னிஸ் டப்பாவைக் கவிழ்த்தாள். இரண்டாயிரத்து முந்நூறு டாலர். எல்லோரும் கைதட்டினார்கள். லூசியன் எழுந்து தொப்பியைக் கழற்றினார். 

"இந்தச் சந்துல எனக்கு யாருமில்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். முக்கியமா ஆர்விலுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நினைச்சேன். என் அக்கார்டியனை ரெண்டு மடங்கு விலைக்கு வாங்கினது யாருன்னு எலோதியா சொல்லிட்டா. நான் கூசக் கூடாதுன்னு ஒளிச்சு வாங்கியிருக்கான். ஆர்வில், நீ என் கூடப்பிறந்தவன்யா."

நோரீன் கையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எழுந்துவந்து எல்லோர் முன்னாலும் புருஷன் கன்னத்தில் முத்தமிட்டாள். ஆர்விலுக்குக் காது மடல்வரை சிவந்தது. என்ன அடக்கம் பாருங்கள் என்றார்கள். அடக்கமா! பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று நின்றார் அந்த மனிதர். சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார். "நண்பர்களே, உண்மை என்னன்னா..."

"உண்மை என்னன்னா, நீங்க தங்கம்!" என்று பெர்னிஸ் கத்தினாள். மறுபடி கைதட்டல். "லூசியன், இன்னைக்காவது குளத்துல இறங்குங்க! என்ன தலைவரே, இறங்கலாமில்ல?"

ஆர்வில் உடம்பில் ஊறிய ஆய்வாளர் அவரைக் கேளாமலே பதில் சொன்னார். "ரசீது வரட்டும். அப்புறம்."

எல்லோரும் 'ஓ'வென்று கூச்சலிட்டார்கள். லூசியன் மட்டும், "விதின்னா விதிதான்யா. நான் கரையில உக்காந்துக்கிறேன்," என்று கால்சட்டையை மடிக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அது அடித்த அடி இருக்கிறதே, அன்றைக்கு ஆர்விலுக்கு விழுந்ததிலெல்லாம் பலமான அடி.

செவ்வாய்க்கிழமை ஆர்வில் தன் காரில் லூசியனை ஏற்றிக்கொண்டு வங்கி இருக்கும் வயார்த்தா நகரத்துக்குப் போனார். தன் சேமிப்பிலிருந்து நாலாயிரம் டாலரும், தன் பத்திரமும் எடுத்து வைத்திருந்தார். லூசியன் மடியில் பழைய துணிப்பை, அதற்குள் அவர் பத்திரம். வங்கியில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர்கள் முறை வர இன்னும் ஒன்பது பேர்.

"லூசியன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தம்பி."

அந்த 'தம்பி'யில்தான் ஆர்வில் உடைந்தார். சட்டைப் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து லூசியன் மடியில் வைத்தார்.

"அந்தக் காகிதம் உங்களுக்கு வரலை. என் வீட்டுக் கேட்டுல ஒட்டியிருந்துச்சு. பாருங்க, என் மாடி, என் குளம், இது நான். நான் எல்லாத்தையும் ஒழுங்காக் கட்டினவன். எப்படி ஏழு வருஷ பாக்கி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியலை. ஊர் சிரிக்குமேன்னு பயந்து உங்க தலையில கட்டிட்டேன். உங்களை அழ வெச்சேன். வசூல் பண்ண வெச்சேன். அக்கார்டியனை விக்க வெச்சேன். எனக்கு வெக்கமா இருக்கு லூசியன். உங்க முகத்தைப் பாக்க முடியலை."

லூசியன் புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடியிருந்து பாத்தா நீ நல்லாத்தான் இருக்கே," என்றார் கடைசியில்.

"திட்டுங்க. தயவுபண்ணித் திட்டிடுங்க."

"ஓதெத் போனப்புறம் என் வீட்டுக்கு யாருமே கேக் கொண்டாந்ததில்லை. நோரீன் கொண்டாந்தாங்க. எட்டு வீட்டுக்காரங்களும் என் பேரைச் சொல்லிக் கைதட்டினாங்க. உன் பொய்யால எனக்கு நஷ்டமில்லைய்யா." புகைப்படத்திலிருந்த குளத்தை விரலால் தட்டினார். "அந்தக் குளத்துல ஒருநாள் இறங்க விடு. அது போதும்."

"இன்னைக்கே இறங்குங்க! ரசீதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" ஆர்வில் மூக்கைச் சிந்தினார். சுற்றியிருந்தவர்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

டிரஸ்ட் பிரிவில் பெர்லா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஆர்வில் முதல் காரியமாகப் பணக்கட்டை மேசையில் வைத்தார். "இந்த வீட்டு பாக்கி எவ்வளவோ எடுத்துக்கோங்கம்மா. கேள்வி எதுவும் கேக்காதீங்க."

பெர்லா கேட்கவில்லை. புகைப்படத்தைப் பார்த்தாள். இரண்டு பேர் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தாள், கணினியில் தட்டினாள், உள்ளே போய் ஒரு மனைப்படத்தை எடுத்துவந்து விரித்தாள்.

"தோன் ஆர்வில், உங்க டிரஸ்ட்ல ஒரு பேசோ பாக்கி கிடையாது. பதினோரு வருஷமும் தேதி தவறாமக் கட்டியிருக்கீங்க. இந்த நோட்டீஸ் தோன் லூசியனுக்குத்தான்."

ஆர்வில் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நான்கு நாளாகக் கூனிப்போயிருந்த முதுகு நிமிர்ந்தது. சஸ்காச்சுவான் பள்ளி ஆய்வாளர் திரும்பி வந்துவிட்டார். "நான் சொன்னது பொய்யே இல்லை! பாத்தீங்களா லூசியன்? இவங்கதான் தப்பான கேட்டுல கொண்டுவந்து ஒட்டிட்டாங்க!"

"இல்லையே. சரியான கேட்டுலதான் ஒட்டியிருக்காங்க," என்றாள் பெர்லா. மனைப்படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எட்டுக் கட்டங்கள், எட்டு எண்கள். "நாங்க மனையைச் சாலைப் பக்கமிருந்து எண்ணுவோம். நீங்க எந்தப் பக்கமிருந்து எண்ணினீங்க?"

ஆர்வில் படத்தில் தன் பத்திரத்தின் நாலாம் எண் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். விரல் லூசியனின் கோழிகள் இருக்கும் இடத்தில் இருந்தது.

"முதல் நாள் வந்தப்ப, நாங்க குடுத்த சாவி பூட்டுல நுழைஞ்சுச்சா சார்?"

லூசியன் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். ஆர்வில் உட்கார்ந்தார், உட்காரும் இடத்தைப் பார்க்காமலே.

பெர்லா புகைப்படத்தை எடுத்துக் கண்ணுக்கருகே பிடித்து, குளத்தங்கரைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

"'நிலுவை உள்ளவர்கள் குளத்தில் இறங்கக்கூடாது'ன்னு இதுல எழுதி வெச்சிருக்கீங்களே, அந்தக் குளமே இவரோடது சார்."